நெருப்பைத் தாங்கும் முண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் மயிலாப்பூர் வாசகர் ஒருவர், தம் தாத்தாவின் மர அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்த ஒரு சுங்கானின், அதாவது புகையிலை பிடிக்கும் குழாயின், படத்தை இந்த மரவேலைப் பகுதிக்கு அனுப்பியிருந்தார். அதன் தண்டில் 'சவினெல்லி' என்றும் 'இத்தாலி' என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. படத்தை வெளியிட்டபின் அதைப் பற்றியே பல கடிதங்கள் வந்ததால், இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

இதைப் 'பைப்' என்று எழுதாமல் 'சுங்கான்' என்று எழுதியது ஏன்? அது இலங்கை வழக்கு அல்லவா?
வாசகி, திருவான்மியூர்

இலங்கைத் தமிழர் இன்றும் இயல்பாகச் சொல்லும் சொல் என்பது உண்மைதான். ஆனால் அது தமிழ்நாட்டுக்கு அந்நியமான சொல் அன்று, இங்கும் பழைய எழுத்தில் புழங்கியதே. சென்னையில் 'பைப்' என்றதும் தெருக்குழாயும் தண்ணீர் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன என்பதால், ஒரே பொருளை மட்டும் குறிக்கும் சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் அனுப்பிய சுங்கானின் கிண்ணத்தில் தீச்சுடர் மேலெழுவது போன்ற வரிகள் இருக்கின்றன. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. உள்ளே நெருப்பு எரிந்தும் கிண்ணம் கருகவில்லை. இது என்ன மரம்? தேக்கு, ஈட்டி, கருங்காலி எதுவும் இல்லை என்று எங்கள் தச்சர் சொல்கிறார்.
வாசகர், மயிலாப்பூர்

உங்கள் தச்சர் சொன்னது சரி. நம் நாட்டு மரம் எதுவும் அன்று. ஆங்கிலத்தில் பிரையர் என்று பெயர். அந்தப் பெயர் 'ப்ருயேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தாவரவியலார் எரிகா ஆர்போரியா என்பர். மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட குன்றுகளில், இத்தாலியின் கலாப்ரியா, டஸ்கனி, லிகூரியா பகுதிகளிலும் சார்டினியா, கோர்சிகா தீவுகளிலும் கிரேக்கத்திலும் அல்ஜீரியாவிலும் புதராக வளரும் ஒரு செடி அது. வசந்தத்தில் சிறு வெள்ளைப் பூக்களாகப் பூத்துக் குலுங்கும். தண்டு பெரும்பாலும் ஆள் உயரமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் இருக்கும். சுங்கான் செய்ய அந்தத் தண்டு உதவாது. தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குள் பாதியும் வெளியே பாதியுமாகத் திரளும் முண்டுதான் மூலப்பொருள். இத்தாலியர் அதைச் 'சொக்கோ' என்கிறார்கள்.

அந்த முண்டு எதற்காக உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், கிண்ணம் கருகாதது ஏன் என்ற உங்கள் வியப்புக்கு விடை கிடைக்கும். அந்தக் குன்றுகளில் கோடையில் காட்டுத்தீ பரவுவது வழக்கம். மேலே உள்ள கிளையும் இலையும் எரிந்து போனாலும், செடி தன் நீரையும் உணவையும் முண்டில் சேமித்து வைத்திருப்பதால், மழை வந்ததும் அங்கிருந்து மீண்டும் துளிர்க்கிறது. நெருப்புக்குப் பின்னும் உயிர் பிழைப்பதற்கென்றே செடி வளர்த்துக்கொண்ட உறுப்பைத்தான் நாம் நெருப்பு வைக்கும் கிண்ணமாகக் குடைகிறோம். இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால் சூடு மெல்லப் பரவுகிறது; ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடுகிறது; எளிதில் தீப்பற்றுவதில்லை. இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் எண்ணிப் பார்த்த நாளிலிருந்து, இந்த மரத்தின் மீது எனக்கு உள்ள மதிப்பு கூடியே வந்திருக்கிறது.

சுங்கானுக்கு ஏற்ற பருமனை அடைய முண்டு பல பத்தாண்டுகள் வளர வேண்டும். தோண்டி எடுத்தபின் அதை வெயிலில் போட்டால் அன்றே வெடித்துவிடும். ஆகவே நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்து, ரம்பத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அறுப்பவரின் கண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முண்டுக்குள் கல், மண், அழுகல், விரிசல் ஆகியவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை வெளியிலிருந்து எவரும் அறிய முடியாது. ஒவ்வொரு வெட்டிலும் தெரிய வருவதைப் பார்த்து அடுத்த வெட்டின் திசையை அவர் மாற்றிக்கொள்கிறார், ஆகவே முண்டின் பெரும்பகுதி கழிவாகவே போகிறது. தேறிய கட்டைகளைப் பெரிய கொப்பரைகளில் மணிக்கணக்காக, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, வேகவைக்கிறார்கள். துவர்ப்புச் சத்தும் சாறும் இறங்கித் தண்ணீர் செம்பழுப்பாகிறது. அது இறங்காவிட்டால் மரம் கசக்கும், காயும்போது பிளக்கும். பிறகு காற்றாடும் நிழலில் மாதக்கணக்கில் காய வைக்கிறார்கள்; நல்ல பட்டறைகள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தே எடுக்கின்றன. கையில் எடை தெரியாமல் இருப்பதற்கு இந்தக் காத்திருப்பே காரணம். நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவதும் இதே அறிவுதான். பச்சை மரம் வேலை முடிந்தபின்னும் திருகிக்கொண்டே இருக்கும், காய்ந்த மரம் தன் குணத்தைக் காட்டி முடித்துவிட்டு நம்மிடம் வருகிறது.

இனி அந்தச் சுடர் வரிகள். முண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி இழைகள் விசிறிபோல் விரிகின்றன. இழை ஓடும் திசையில் வெட்டினால் நெடுங்கோடுகள் தெரியும். குறுக்கே வெட்டினால் அதே இழைகளின் முனைகள் சிறு சிறு வட்டப் புள்ளிகளாகத் தெரியும். அதைப் பறவைக் கண் என்பார்கள். பட்டையை ஒட்டி வெளிப்புறத்தில் அகலமாக அறுக்கும் கட்டைக்குப் 'பிளாத்தோ' என்றும், உட்புறத்துச் சிறு கட்டைகளுக்கு 'எபோஷோன்' என்றும் பெயர். பிளாத்தோவில்தான் கோடுகள் ஒழுங்காக ஓடும். கோடுகள் கிண்ணத்தைச் சுற்றிலும் நேராக மேலேற, புள்ளிகள் விளிம்பிலும் அடியிலும் மட்டும் அமையும்படி கட்டையை நிறுத்திக் கடைவது அரிது, விலையும் அதற்கேற்ப உயரும். உங்கள் படத்தில் கிண்ணத்தின் முன்புறம் சுடரும், இடவலப் பக்கங்களில் புள்ளிகளும் தெரிகின்றன. அது குறுக்கிழை அமைப்பு. உச்ச விலைக்குரியது அன்று எனினும், கடைந்தவர் கட்டையைப் பார்த்தே வைத்திருக்கிறார் என்பதற்கு அது சான்று.

இன்னொரு செய்தி. தண்டையும் வாய்க்குழலையும் பிரித்தால் உள்ளே முக்கோண வடிவில் மிக இலேசான ஒரு மரத்துண்டு இருக்கக்கூடும். உடைந்த சில்லு என்று கலங்க வேண்டாம். புகையின் ஈரத்தை உறிஞ்சுவதற்காகச் சவினெல்லி நிறுவனம் வைக்கும் பால்சா மரத்துண்டு அது. பயன்படுத்தியபின் மாற்றிவிட வேண்டிய பொருள்தான்.

கொளத்தூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, படிக்கட்டுக் கம்பம் எல்லாம் கடைகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் சுங்கான் எளிய உருவம்தான். அதில் உண்மையில் கடினம் எங்கே இருக்கிறது?
வாசகர், கொளத்தூர்

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. வெளி உருவத்தை நீங்கள் ஒரு நாளில் கடைந்துவிடுவீர்கள், கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் சுங்கானின் தரம் இரண்டு துளைகள் சந்திக்கும் ஒரே புள்ளியில் நிற்கிறது. ஒன்று, மேலிருந்து கீழாகக் குடையும் கிண்ணக்குழி. ஏறத்தாழ 20 மி.மீ. அகலம். மற்றொன்று, தண்டு வழியாக வரும் புகைத்துளை, 3.5 முதல் 4 மி.மீ. வரை. இந்தத் துளை கிண்ணக்குழியின் தரையிலேயே, அதுவும் சரியாக நடுவில், வந்து திறக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே திறந்தாலும் அடியில் எரியாத ஈரப் புகையிலை தங்கிவிடும்; கீழே இறங்கினால் தரையில் பள்ளம் விழுந்து சாறு தேங்கும்; பக்கவாட்டில் விலகினால் ஒரு புறச் சுவர் மட்டும் சூடேறி நாளடைவில் கருகும். நேரான தண்டில் இது கைவரப் பயிற்சி போதும். வளைந்த தண்டில், வெளியே வளைவைக் காட்டிக்கொண்டே உள்ளே நேர்த்துளையைக் கொண்டுபோக வேண்டும் என்பதால், கட்டையைத் தொடும் முன்பே கோணத்தை வரைந்து முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை. வாய்க்குழலின் கழுந்து தண்டின் துளைக்குள் அடிவரை சென்று அமர வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் புகை அங்கே குளிர்ந்து நீராகி, இழுக்கும்போது களகளவென்று ஒலிக்கும். தண்டும் வாய்க்குழலும் சேருமிடத்தில் விரலை ஓட்டினால் விளிம்பு தட்டுப்படக் கூடாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. நீங்கள் கதவுச் சட்டத்துக்குக் கழுந்து இறக்கும்போது பார்க்கும் அதே பொருத்தம்தான். ஆனால் அங்கே பிசினும் ஆணியும் துணைக்கு உண்டு, இங்கே கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் எந்தத் துணையும் இல்லை. பல்லில் கடிக்கும் முனையில் வட்டத்துளையை மெல்ல மெல்லத் தட்டையாக்கி விசிறிபோல் விரித்துவிட வேண்டும். சிறு அரத்தால் செய்யும் இந்த வேலையில்தான் அவசரப்படும் பட்டறையும் பொறுமையான பட்டறையும் பிரிந்து தெரிகின்றன. ஒரு சுங்கானை எடைபோட எனக்குத் தெரிந்த விரைவான சோதனை ஒன்று உண்டு: வாய்க்குழலைக் கழற்றாமலே, சுத்தம் செய்யும் பஞ்சுக் கம்பியை முனையில் செலுத்திப் பாருங்கள். எங்கும் முட்டாமல் கிண்ணத்தின் தரையை எட்டினால், உள்ளே வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள்.

நம் மரங்களில் முயலலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அலங்காரத்துக்காக எந்த மரத்திலும் கடையுங்கள். நெருப்பு வைக்கும் நோக்கில் என்றால் வேண்டாம். ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசை கொண்ட மரங்களின் தூசே பலருக்கு ஒவ்வாமை தருவது. அதன் புகை சொல்லவே வேண்டாம்.

பிரான்ஸ் நாட்டில்தான் பிரையர் சுங்கான் தோன்றியது என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் எல்லோரும் இத்தாலியைப் பற்றிப் பேசுகிறார்கள்?
வாசகர், தாம்பரம்

தோன்றியது பிரான்சில், ஜூரா மலைப்பகுதியிலுள்ள சான் க்ளோட் என்ற ஊரில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு முன் களிமண்ணும் மீர்ஷாம் என்ற வெண்கல்லும்தான். களிமண் உடையும், மீர்ஷாம் விலை கூடியது. பிரையர் இரண்டு குறைகளையும் தீர்த்தது. இத்தாலி நெடுங்காலம் முண்டை வெட்டி மற்ற நாடுகளுக்கு அனுப்பும் நாடாகவும் இருந்தது. பட்டறைகள் வளர்ந்தது வடக்கில், லொம்பார்டியில். அக்கீலே சவினெல்லி 1876இல் மிலான் நகரில் கடை திறந்தார். அதே பெயர் கொண்ட பேரன் 1948இல் வரேசே ஏரிக்கு அருகில் பராசோவில் சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதே வட்டாரத்தில் ரோசி குடும்பத்தின் பெரிய ஆலை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 1953இல் ப்ரெப்பியா என்ற நிறுவனமும் வந்து சேர்ந்தது.

ஆலைகள் மட்டும் இருந்திருந்தால் இத்தாலிக்குத் தனிப்பெயர் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். 1947இல் கார்லோ ஸ்கொட்டி கன்ட்டூவில் காஸ்தெல்லோ பட்டறையைத் தொடங்கியதே திருப்பம். கன்ட்டூ மரச்சாமான்களுக்கும் நூலால் பின்னும் லேஸ் வேலைக்கும் பேர்போன ஊர். கைநேர்த்தி அங்கே தெருவிலேயே பழகக் கிடைத்தது. ஆங்கிலேயர் நிலைநிறுத்தியிருந்த உருவங்களை, அதாவது நேர்ச்சுவர்க் கிண்ணம் கொண்ட பில்லியர்ட், மேல்நோக்கி விரியும் டப்ளின், இடுப்பில் வரிக்கோடு ஓடும் புல்டாக் போன்றவற்றை, ஸ்கொட்டி கைவிடவில்லை. சற்றுப் பருமனாக்கினார், வளைவுகளைத் தளர்த்தினார். கருநிற ரப்பருக்குப் பதிலாக நிறம் மங்காத அக்ரிலிக் வாய்க்குழலைப் பொருத்தினார். 1968இல் அருகிலுள்ள குச்சியாகோவில் காமினெத்தோ தொடங்கியது. அதில் இணைந்திருந்த ஜுசெப்பே அஸ்கோர்த்தியும் லூயிஜி ராதீச்சேயும் பின்னர் தனித்தனியே தம் பெயரில் பட்டறை வைத்தார்கள்.

மற்றொரு மரபு கிழக்குக் கடற்கரையில், பெசாரோவில். ஜான்கார்லோ குய்தி 1972இல் மாஸ்த்ரோ தெ பாயா பட்டறையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1982இல் செர் யாகோப்போ என்ற புதிய பட்டறையை நிறுவினார். கன்ட்டூக்காரர்கள் உருவத்தை அடக்குவார்கள். பெசாரோக்காரர்கள் அதை விளையாட விடுவார்கள்: முண்டின் பட்டையை விளிம்பில் அப்படியே விட்டுவைப்பது, வெள்ளி வளையம் பூட்டுவது, கிண்ணத்தை முன்னோக்கிச் சாய்ப்பது என்று கற்பனை ஓடும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தையும் மைசூர்ப் பாணி ஓவியத்தையும் தராசில் வைப்பது போலத்தான். என் மனம் கன்ட்டூவின் பக்கம் சாய்கிறது. மரம் பேச இடம் விடுகிறார்கள் என்பதே காரணம்.

ஒரு கடையில் சொரசொரப்பான, பவளப்பாறை போன்ற மேற்பரப்பு கொண்ட சுங்கானை வழவழப்பானதைவிட அதிக விலைக்கு வைத்திருந்தார்கள். குறையை மறைக்கும் வேலை அல்லவா அது?
வாசகி, அண்ணா நகர்

பாதி உண்மை. கடையும்போது சிறு மண் குழி ஒன்று வெளிப்பட்டால், அந்தக் கட்டையை வழவழப்பாக முடிக்க முடியாது. மேற்பரப்பைக் கருவியால் கொத்தியோ மணல் வீச்சால் அரித்தோ எடுத்தால் குழி மறைந்துவிடும், வலிமை குறையாது. ஆனால் மணல் வீச்சில் மென்மையான இழை தேய்ந்து கடினமான இழை மேடாக நிற்பதால், மரத்தின் ஆண்டு வளையங்கள் விரலுக்குத் தட்டுப்படும். நல்ல கட்டையில்தான் அது அழகாக வரும். லண்டனின் டன்ஹில் நிறுவனம் 1917லேயே இம்முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. காஸ்தெல்லோவின் 'சீ ராக்' வகை கையால் கொத்திக் கொத்தி எடுப்பது, அதன் விலை அந்தக் கூலிக்கு. கையில் பிடிக்க இடம் கூடுவதும் சூடு பரவ மேற்பரப்பு கூடுவதும் கூடுதல் நன்மைகள். உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது வழவழப்பான சுங்கானில் மரநிற மெழுகால் அடைத்த சிறு புள்ளிகளை. மலிவான சுங்கானில் அவை இருப்பது இயல்பு, உயர்ந்த விலைக்கு விற்கும் சுங்கானில் இருந்தால் வாங்க வேண்டாம்.

சிகரெட்டைவிடச் சுங்கான் உடலுக்குக் கெடுதல் குறைவு என்று என் நண்பர் சொல்கிறார். புகையை உள்ளே இழுப்பதில்லை என்பது அவர் வாதம்.
வாசகர், பெரம்பூர்

அந்த வாதத்தை நம்ப வேண்டாம். புகையை வாயில் நிறுத்துவதால் உதடு, நாக்கு, வாய், தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் வருகிறது, நுரையீரலும் தப்புவதில்லை. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் ஊர் மக்கள் புகையிலையால் எவ்வளவு பேர் சென்றிருக்கிறார்கள் என்பதைச் சென்னைவாசி ஒவ்வொருவரும் தம் உறவுவட்டத்திலேயே அறிவார். இந்தப் பகுதியில் நான் எழுதுவது மரத்தையும் கையையும் பற்றி மட்டுமே. உங்கள் நண்பரிடம் ஒரு சுங்கான் இருந்தால், அதைக் காலியாகவே வைத்துப் போற்றச் சொல்லுங்கள்.

என் அப்பாவின் சுங்கானில் கறுப்பு வாய்க்குழல் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிவிட்டது. மழைக்காலத்தில் அது தண்டோடு இறுகிக் கழற்றவும் முடியவில்லை. நினைவுப் பொருளாக வைக்க விரும்புகிறேன். தேங்காய் எண்ணெய் தடவலாமா?
வாசகி, குரோம்பேட்டை

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மரத்துக்குள் இறங்கிச் சில மாதங்களில் சிக்கு நாற்றம் எடுக்கும், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

முதலில் கழற்றுவது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பிக் கழுந்தைக் கவ்வியிருக்கிறது. வலிந்து திருகினால் தண்டு பிளந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கடினரப்பர் மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும் என்பதால் பிடி தளரும். எடுத்ததும் தண்டைக் கிண்ணத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் மெல்லத் திருகி வெளியே இழுங்கள்.

நிற மாற்றத்துக்குக் காரணம் வாய்க்குழல் வல்கனைட் என்னும் கடினரப்பர் என்பதே. ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய பொருள் அது. வெயிலும் காற்றின் ஈரமும் படும்போது கந்தகம் மேற்பரப்பில் வெளிப்பட்டுப் பச்சைப் பழுப்பாகிறது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம் என்று ஒருமுறை நினைத்துச் செய்துபார்த்தேன். அரைமணி நேரத்தில் குழல் முழுவதும் வைக்கோல் நிறமாகி, முன்பு இருந்ததைவிட மோசமாயிற்று. ஆகவே குளிர்ந்த நீரில் மட்டும் தொட்டுக்கொண்டு, மிக மெல்லிய நீர் உப்புத்தாளால், முதலில் 800, பிறகு 1200, பிறகு 2000 எண் என்று படிப்படியாகத் தேயுங்கள். கழுந்தை மட்டும் தொட வேண்டாம். அங்கே ஒரு படலம் தேய்ந்தாலும் பொருத்தம் ஆடிவிடும். தண்டில் இருக்கும் எழுத்துப் பொறிப்பின் மீதும் தாள் படக்கூடாது.

துளைக்குள் பஞ்சுக் கம்பியை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பி வெள்ளையாக வெளிவரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஸ்பிரிட் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சிந்தினால் சாயம் போய்விடும், கவனம். கிண்ணக்குழிக்குள் படிந்த கரியைக் கத்தியால் சுரண்டாமல், விரல் பருமனான குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிச் சுழற்றி எடுங்கள். கடைசியாக, கார்னோபா மெழுகை மென்துணியில் மிகக் குறைவாகத் தடவி மெருகேற்றுங்கள். வாய்க்குழலைத் தண்டில் மாட்டாமல் பக்கத்தில் வைத்து, வெயில் விழாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மார்கழி பிறந்து காற்று உலர்ந்ததும் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.